யாருடைய தலைக்குள் இருக்கிறோம்? ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நாவலையும் தொடரையும் பிரித்தறிய ஓர் எளிய வழி

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ ரசிகர்கள் நாலு பேர் பேசிக்கொள்ளும் இடத்தில் புதிதாகப் போய் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் தலை சுற்றிவிடும். “புத்தகத்தில் அப்படி இல்லையே” என்பார் ஒருவர். “ராப் கல்யாணம் பண்ணினது டலீசாவை இல்லை, ஜெய்னை” என்பார் அடுத்தவர். மூன்றாமவர் லேடி ஸ்டோன்ஹார்ட் என்று ஒரு பெயரைச் சொல்ல, எட்டு சீசனையும் இரண்டு முறை பார்த்து முடித்தவர்கூட அப்படி யாரும் வரவில்லையே என்று விழிப்பார்.

இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி ஒரே ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் தீர்ந்துவிடும். அதன் பெயர் பார்வைக் கோணம். ரசிகர்கள் பேச்சில் ‘பிஓவி’. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் இந்த நாவல்களில் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு பாத்திரத்தின் தலைக்குள்ளிருந்து மட்டுமே சொல்லப்படுகிறது. அந்த ஆள் பார்க்காததை வாசகரும் பார்க்க முடியாது. அந்த ஆள் தப்பாகப் புரிந்துகொண்டால் வாசகரும் கூடவே தப்பாகப் புரிந்துகொள்வார். கேமராவோ எந்தத் தலைக்குள்ளும் நுழையாது. எதிரே நின்று முகத்தைத்தான் பார்க்கும். நாவலுக்கும் தொடருக்கும் நடுவே உள்ள முக்கியமான வேறுபாடுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முளைக்கின்றன.

கதையின் பெரிய திருப்பங்கள் எல்லாம் கீழே வருகின்றன. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

முதலில் கணக்கு

நாவல் வரிசையில் இதுவரை வந்தவை ஐந்து: 1996, 1998, 2000, 2005, 2011. மார்ட்டின் திட்டமிட்டிருப்பது ஏழு. ஆறாவதும் ஏழாவதும் இன்னும் வரவில்லை. இந்தியக் கடைகளில் அதிகம் கிடைக்கும் பிரிட்டிஷ் பேப்பர்பேக் பதிப்பில் மூன்றாவது நாவலும் ஐந்தாவது நாவலும் தடிமன் காரணமாக இரண்டிரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அதனால் பெட்டியில் ஏழு புத்தகம் இருக்கும். அதைப் பார்த்து “ஏழும் வந்துவிட்டது, கதை முடிந்துவிட்டது” என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. ஏழு புத்தகம், ஐந்து நாவல், முடியாத கதை. இதை மனதில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

எச்பிஓ தொடர் 2011 ஏப்ரலில் தொடங்கி 2019 மே மாதம் முடிந்தது. உருவாக்கியவர்கள் டேவிட் பெனியாஃப், டி. பி. வைஸ். மொத்தம் 73 எபிசோட்: முதல் ஆறு சீசனுக்குப் பத்துப் பத்து, ஏழாவதுக்கு 7, எட்டாவதுக்கு 6. முதல் சீசன் முதல் நாவல், இரண்டாவது சீசன் இரண்டாவது நாவல். மூன்றாவது நாவல் மிகப் பெரியது என்பதால் 3, 4 ஆகிய இரண்டு சீசனுக்கும் விரிகிறது. நான்காவது, ஐந்தாவது நாவல்கள் ஐந்தாம் சீசனில் கலந்து வருகின்றன. ஆறாம் சீசனிலிருந்து தொடர் நாவலைத் தாண்டிப் போய்விட்டது. அயர்ன் தீவுகளின் அரசத் தேர்தல், ரிவர்ரன் முற்றுகை போன்று நான்காவது நாவலில் மிச்சமிருந்த சில பகுதிகள் மட்டும் அங்கே வந்து சேர்ந்தன.

“தொடரைப் பார்த்து முடித்துவிட்டேன், எந்தப் புத்தகத்திலிருந்து படிக்கலாம்?” என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: முதல் புத்தகம், முதல் பக்கம். முதல் சீசன் நாவலை நன்றாகவே பின்பற்றுகிறது என்று நம்பி இரண்டாவதிலிருந்து தொடங்கினால், கேமராவால் எடுத்துக்கொண்டு வர முடியாமல் போனது எதுவோ, அதையே தவறவிட்டிருப்பீர்கள்.

முதல் காட்சியே போதும்

நாவலின் முன்னுரை அத்தியாயம் வில் என்ற நைட்ஸ் வாட்ச் காவலனின் தலைக்குள் நடக்கிறது. பெருஞ்சுவருக்கு வடக்கே, காட்டில், மரத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறான். கீழே அவனுடைய தலைவன் வேமார் ராய்ஸை வெள்ளைப் பேய்கள் சூழ்ந்து கொல்வதைப் பார்க்கிறான். இறங்கி வருகிறான். செத்துக் கிடந்த வேமார் எழுந்து அவன் கழுத்தை நெரிக்கிறான். அவ்வளவுதான். குதிரைகளோடு பின்னால் நின்ற காரெட் என்ற கிழவன் மட்டும் தப்பி ஓடுகிறான். அவன் எதையும் நேரில் பார்க்கவில்லை. படையைவிட்டு ஓடிய குற்றத்துக்காக, வடக்கை ஆளும் நெட் ஸ்டார்க் தலையை வெட்டுவது அந்தக் காரெட்டை.

தொடரில் இது தலைகீழ். சாவது காரெட். தப்பி ஓடுவதும், நெட்டின் முன்னால் மண்டியிட்டு “நான் பார்த்ததைப் பார்த்தேன்” என்று சொல்வதும் வில்.

சின்ன மாற்றம்போல்தான் இருக்கும். விளைவைப் பாருங்கள். நாவலில் உண்மையைக் கண்ணால் கண்ட ஒரே ஆளின் தலையோடு உண்மையும் போய்விட்டது. அடுத்த அத்தியாயம் நெட்டின் ஏழு வயது மகன் பிரானின் தலைக்குள். கைதியிடம் ஏதோ கேட்டார்கள், அவன் ஏதோ சொன்னான், என்ன பேசினார்கள் என்பது பிரானுக்குப் பின்னால் ஞாபகமில்லை. வாசகருக்கு மட்டும் ஒன்று தெரியும். கதைக்குள் இருக்கும் யாருக்கும் தெரியாது. தொடரில் நெட்டின் காதிலேயே எச்சரிக்கை விழுகிறது, அவர் நம்பவில்லை. முதலாவதில் அது அறியாமை, இரண்டாவதில் அலட்சியம். காட்சி ஒன்று, கதை வேறு. கேமராவுக்கு ஒரு சாட்சி உயிரோடு தேவைப்பட்டது, அதனால் ஆள் மாறினார்.

வாசகர்கள் கவனிக்கும் இன்னொன்று: ஐந்து நாவல்களிலும் முன்னுரை அத்தியாயத்தின் பார்வைக் கோணம் யாருடையதோ அவர் பிழைப்பதில்லை. முன்னுரையில் புதுப் பெயர் வந்தால் அந்த ஆள் மீது ரொம்பப் பாசம் வைக்காதீர்கள்.

தலைக்குள் ஒளித்து வைத்த ரகசியம்

முதல் நாவலில் எட்டே பேருக்குத்தான் தொடர்ந்து அத்தியாயங்கள்: நெட், கேட்லின், ஜான், சான்சா, ஆர்யா, பிரான், டிரியன், டெனேரிஸ். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் அந்தப் பெயரே தலைப்பு. இந்த எட்டு பேரில் ஒருவரான நெட்டுக்கு ஜான் ஸ்னோவின் பெற்றோர் யார் என்பது தெரியும். அவர் தலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம். ஆனாலும் நமக்குத் தெரியவில்லை. எப்படி?

நெட் அதை நினைக்க மறுக்கிறார். அவ்வளவுதான் தந்திரம். நினைவு அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் தங்கை லயானாவின் குரல் “சத்தியம் பண்ணு, நெட்” என்று கேட்கிறது, இரத்த வாடை வருகிறது, அவள் கையிலிருந்து உதிர்ந்த கருகிய ரோஜா இதழ்கள் வருகின்றன. உடனே நினைப்பு வேறு எங்கோ போய்விடுகிறது. துக்கத்தில் இருக்கும் மனிதர்கள் உண்மையில் இப்படித்தான் நினைப்பார்கள் என்பதால் வாசகர் சந்தேகப்படுவதில்லை. பிறகு இரண்டாவது நாவலில், கடலுக்கு அந்தப் பக்கம், நெட்டை வாழ்நாளில் பார்த்திராத டெனேரிஸ் ஒரு மாயக் காட்சி காண்கிறாள்: பனிச் சுவரின் வெடிப்பில் ஒரு நீலப் பூ. அவளுக்கு அதன் பொருள் தெரியாது. நெட்டின் தலைக்குள் கிடந்த லயானாவின் நீல ரோஜாவையும் டெனேரிஸ் கண்ட பூவையும் சேர்த்துப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் வாசகர்தான். இளவரசன் ரேகார், லயானா இருவரின் மகன் ஜான் என்ற ஊகத்தை ரசிகர்கள் 1990களிலேயே கண்டுபிடித்துவிட்டது இப்படித்தான். தொடர் அதை உறுதிப்படுத்தியது 2016 ஜூனில், ஆறாம் சீசனின் கடைசி எபிசோடில்.

கேமராவால் இந்த விளையாட்டை ஆட முடியாது. நெட்டாக நடித்த ஷான் பீனின் முகம் வருத்தமாக இருக்கிறது என்பதைக் காட்டலாம். அந்த வருத்தம் எதைச் சுற்றிச் சுற்றி வருகிறது என்பதைக் காட்ட முடியாது. ஆகவே தொடர், இரண்டாவது எபிசோடில், “அடுத்த முறை பார்க்கும்போது உன் அம்மாவைப் பற்றிப் பேசுவோம்” என்று நெட்டை ஜானிடம் வாய்விட்டுச் சொல்ல வைத்தது. நாவலில் துப்பாக இருந்தது இங்கே வாக்குறுதியாகிவிட்டது. பெனியாஃபும் வைஸும் உரிமை கேட்டு மார்ட்டினை முதன்முதலாகச் சந்தித்தபோது, ஜானின் தாய் யார் என்று அவர் கேட்டதும், அவர்கள் சரியாகச் சொன்னதும் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. அவர் கேட்பதற்குத் தேர்ந்தெடுத்த கேள்வியே, தலைக்குள் நடப்பதைப் படிக்கத் தெரிந்தவரா என்று பார்க்கும் கேள்வி.

வாயைத் திறந்து சொல்ல வேண்டிய கட்டாயம் எவ்வளவு பெரியது என்பதற்கு இன்னொரு உதாரணம், ஒளிபரப்பாகாமல் போன முதல் முன்னோட்ட எபிசோட். எடுத்து முடித்து நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஜேமியும் அரசி செர்சியும் உடன்பிறந்தவர்கள் என்பதே பார்த்தவர்களுக்குப் புரியவில்லை. அது புரியாவிட்டால், அவர்கள் இருவரும் கூடியிருப்பதை பிரான் ஜன்னலில் காணும் காட்சிக்குப் பொருளே இல்லை. புத்தகத்தில் யாராவது ஒருவர் மனதில் நினைத்தால் போதும், விஷயம் முடிந்தது. மறுபடி எடுத்து 2011இல் ஒளிபரப்பிய பதிப்பில், அவர்கள் இருவரும் தனியாகப் பேசும் முதல் காட்சியிலேயே “உன் சகோதரன் என்ற முறையில்” என்று ஜேமி சொல்லிவிடுகிறான். இனி பார்க்கும்போது அந்த வரியைக் கவனியுங்கள். அது பார்வையாளருக்காக வந்த வரி.

ராப் ஏன் வேறு பெண்ணை மணந்தான்

புதியவர்களுக்கு மிகவும் குழப்பம் தரும் மாற்றம் இது. நாவலில் ராப் ஸ்டார்க்குக்கு ஓர் அத்தியாயம்கூடக் கிடையாது. அவனைப் பெரும்பாலும் தாய் கேட்லினின் கண்ணால்தான் பார்க்கிறோம். இரண்டாவது நாவலில் அவன் போருக்குப் போகிறான். கேட்லின் கூட இல்லை. எனவே நாமும் இல்லை. மூன்றாவது நாவலில் திரும்பி வரும்போது ஜெய்ன் வெஸ்டர்லிங் என்ற பெண்ணோடு வருகிறான். காயம்பட்டுக் கிடந்தபோது அவள் பார்த்துக்கொண்டாள், தம்பிகள் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த இரவில் நெருங்கினார்கள், அவள் மானத்தைக் காக்க மணந்தான். அம்மாவிடம் தலைகுனிந்து அவன் சொல்லித்தான் நமக்கே தெரியும்.

ஒரு தொலைக்காட்சித் தொடர் தன் இளம் நாயகனை ஒரு சீசன் முழுக்கக் காணாமல் போகச் செய்து, அடுத்த சீசனில் மனைவியோடு கொண்டுவந்து நிறுத்த முடியாது. எனவே அவன் காதலைக் கண்முன் காட்ட வேண்டியதாயிற்று. காட்டுவதற்குத் தகுந்தாற்போல் போர்க்களத்தில் காயத்துக்கு மருந்து போடும் டலீசா என்ற புதுப் பெண் உருவானாள். கடமைக்காக மணந்தவன் காதலுக்காக மணந்தவனாக மாறிவிட்டான். நாவலின் ராப் செய்தது தந்தை நெட் செய்யக்கூடிய தவறு. தொடரின் ராப் செய்தது இளைஞர்கள் செய்யக்கூடிய தவறு. எது உயர்த்தி என்று சண்டை போடுவதற்கு முன், ஆசிரியர் எந்தத் தலைக்குள் நம்மை வைத்தார் என்பதைப் பார்த்தால் மாற்றம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். நம்முடைய தீர்ப்பைக் கேட்டால், நாவலின் காரணம்தான் ஸ்டார்க் குடும்பத்துக்குப் பொருத்தமானது.

இங்கிருந்து நேரே சிவப்புத் திருமணத்துக்கு வரலாம்: தங்கள் வீட்டுப் பெண்ணை மணப்பதாகச் சொன்ன வாக்கை ராப் மீறியதற்குப் பழியாக, ஃப்ரே குடும்பம் விருந்தில் வைத்து அவனையும் கேட்லினையும் கொல்லும் இடம். மூன்றாவது நாவலில் 2000இல் அச்சானது. திரையில் வந்தது 2013 ஜூன் 2 அன்று, மூன்றாம் சீசனின் ஒன்பதாவது எபிசோடில். நடுவே 13 ஆண்டுகள் படித்தவர்கள் வாயைத் திறக்கவில்லை என்பது ரசிகர் வட்டத்தின் பெருமை.

இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே ஓர் அசைவை மட்டும் பாருங்கள். நாவலில் அத்தியாயம் கேட்லினுடையது. விருந்து, இரைச்சல், மோசமாக வாசிக்கும் இசைக்காரர்கள், தலைவலி. திடீரென்று ‘ரெயின்ஸ் ஆஃப் கேஸ்டமியர்’ பாட்டு தொடங்குகிறது. எழுந்து நழுவப் பார்க்கும் எட்வின் ஃப்ரேயின் கையைப் பிடிக்கிறாள். பட்டுச் சட்டைக்கு அடியில் விரலில் இரும்பு வளையங்கள் தட்டுப்படுகின்றன. கவசம். நாம் அவளுடைய விரல் நுனியில் இருக்கிறோம். அவளுக்குப் புரியும் அதே நொடியில் நமக்கும் புரிகிறது. இசைக்காரர்கள் ஏன் அவ்வளவு மோசமாக வாசித்தார்கள் என்பதும் அப்போதுதான் உறைக்கிறது: அவர்கள் வில்லாளிகள்.

தொடரில் தொடு உணர்ச்சியைக் காட்ட முடியாது. ஆகவே எட்வினுக்குப் பதில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ரூஸ் போல்ட்டன், ராப்பின் படைத்தலைவர்களில் ஒருவன். அவன் பார்வை தன் சட்டைக் கைக்குப் போகிறது, கேட்லினின் பார்வையும் போகிறது, அவள் துணியைத் தூக்குகிறாள், கவசம் தெரிகிறது, அவன் இலேசாகச் சிரிக்கிறான், அவள் அறைகிறாள். விரல் செய்த வேலையைக் கண் செய்கிறது. நாவலில் அந்த அறையில் இல்லாத மருமகள், தொடரில் கர்ப்பிணியாக அங்கே இருந்து முதல் ஆளாகக் குத்துப்படுகிறாள். தலைக்குள் நடந்த நடுக்கத்துக்கு ஈடாக வெளியே கொடூரம் கூட்டப்பட்டது என்று சொல்லலாம். ஆனால் கேட்லினாக நடித்த மிஷெல் ஃபேர்லியின் முகம், கடைசி அலறலுக்குப் பிறகு வெறுமையாகி நிற்கும் அந்தச் சில நொடிகள், எந்த அத்தியாயத்தாலும் தர முடியாதது. கேமரா கெட்டிக்காரத்தனமாக வேலை செய்த இடம் அது.

லேடி ஸ்டோன்ஹார்ட் யார் என்று இப்போது சொல்லிவிடலாம். மூன்றாவது நாவலின் கடைசிப் பக்கங்களில், கழுத்து அறுபட்ட கேட்லின் உயிர் திரும்பி, பேச முடியாமல், பழிவாங்குபவளாக வருகிறாள். அவள் பெயர் அது. தொடர் அவளைச் சேர்க்கவே இல்லை. கவனிக்க வேண்டியது என்னவென்றால், நாவலிலும் அதற்குப் பிறகு அவளுக்குப் பார்வைக் கோணம் கிடையாது. நாம் இத்தனை நாள் குடியிருந்த தலைக்குள் இனி நுழைய முடியாது. வாசகர்கள் இன்றுவரை அவளுக்காகக் குரல் கொடுப்பது வெறும் பேய் ஆசையால் அல்ல, அந்த இழப்பால்.

காணாமல் போனவன்

ஸ்டார்க் வீட்டில் வளர்ந்த தியான் கிரேஜாய்க்கு இரண்டாவது நாவலில் அத்தியாயங்கள் உண்டு. மூன்றாவதிலும் நான்காவதிலும் ஒன்றும் இல்லை. ஐந்தாவதில் ‘ரீக்’ என்ற தலைப்பில் ஓர் அத்தியாயம் வருகிறது. இருட்டுச் சிறையில் ஒருவன் எலியைத் தின்றுகொண்டிருக்கிறான். யார் என்று உடனே தெரியாது. சில பக்கம் போன பிறகுதான் இது தியான் என்பது உறைக்கும், ஏனென்றால் அவனுக்கே தன் பெயரை நினைக்கப் பயம். அவன் அத்தியாயங்களின் தலைப்புகளை வரிசையாகப் பாருங்கள்: மூன்று முறை ‘ரீக்’, பிறகு ‘விண்டர்ஃபெல் இளவரசன்’, ‘கட்சி மாறியவன்’, ‘விண்டர்ஃபெல்லில் ஓர் ஆவி’, கடைசியாக ‘தியான்’. அவன் மீண்டு வரும் கதையைத் தலைப்புகளே சொல்லிவிடுகின்றன. சான்சாவின் அத்தியாயங்கள் ‘அலெய்ன்’ ஆவதும், ஆர்யாவின் தலைப்புகள் மாறிக்கொண்டே போவதும் இதே முறை.

தொடரில் தியானாக நடித்த அல்ஃபி ஆலனை இரண்டு சீசன் வீட்டில் உட்கார வைக்க முடியாது. மூன்றாம் சீசன் முழுக்க சித்திரவதையைப் பார்க்க வேண்டி வந்தது. பலர் முகம் சுளித்தார்கள். நாவலாசிரியர் இரண்டு நாவல் அளவு மௌனத்தால் சொன்னதை, தொடர் பத்து எபிசோட் காட்சியால் சொன்னது.

எதிர்ப்பக்கமும் உண்டு. யார் தலைக்குள்ளும் இல்லாத இரண்டு பேரை நாவலால் ஓர் அறையில் தனியாக வைக்கவே முடியாது. முதல் சீசனின் ஐந்தாவது எபிசோடில் மன்னர் ராபர்ட்டும் செர்சியும் உட்கார்ந்து தங்கள் செத்துப்போன தாம்பத்தியத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அது நாவலில் இல்லை, இருக்கவும் முடியாது. செர்சிக்குப் பார்வைக் கோணம் கிடைப்பதே நான்காவது நாவலில்தான், ராபர்ட்டுக்குக் கிடைக்கவே இல்லை. இரண்டாம் சீசனில் ஆர்யா டைவின் லானிஸ்டருக்குக் கோப்பை ஏந்தும் காட்சிகளும் புதியவை. நாவலில் அவள் ஏந்துவது ரூஸ் போல்ட்டனுக்கு. படித்தவர்களே மெச்சும் மாற்றங்கள் இவை. “புத்தகத்தில் இல்லை” என்பது தன்னளவில் குறையாகாது.

ஒரு கல்லை உருவினால்

தலைக்கும் கேமராவுக்கும் சம்பந்தமில்லாத மாற்றங்களும் இருக்கின்றன. அவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். தியானின் அக்கா அசாவின் பெயர் யாரா ஆனது, ஓசா என்பவளோடு குழம்பாமல் இருக்க. பிள்ளைகளின் வயது கூட்டப்பட்டது. நாவலில் டெனேரிஸுக்குத் தொடக்கத்தில் வயது 13, ஜானுக்கு 14. டெனேரிஸின் குலமான டார்கேரியன்களின் ஊதாக் கண்கள் விடப்பட்டன. பிளாக்வாட்டர் போரில் டிரியன் ஆற்றின் குறுக்கே கட்டிய பெரிய சங்கிலி இல்லை. எட்ரிக் ஸ்டார்ம் என்ற சிறுவனின் வேலை ஜென்ட்ரியிடம் கொடுக்கப்பட்டது. பணம், நேரம், நடிகர் எண்ணிக்கை ஆகியவை காரணம்.

ஆனால் சில வெட்டுகள் அப்போது தெரியாமல் பின்னால் வந்து கடிக்கும். டிரியனின் முதல் மனைவி டைஷா நல்ல உதாரணம். சின்ன வயதில் அவன் காதலித்து மணந்த பெண், பணத்துக்கு வந்தவள் என்று அவனிடம் சொல்லப்பட்டது. முதல் சீசனின் ஒன்பதாவது எபிசோடில் இந்தக் கதையை டிரியன் தானே சொல்கிறான், விதை போட்டாயிற்று. மூன்றாவது நாவலின் இறுதியில், சிறையிலிருந்து தம்பியை விடுவிக்கும்போது ஜேமி உண்மையைச் சொல்கிறான்: அவள் நிஜமாகவே உன்னை நேசித்தவள், அப்பா சொல்லித்தான் பொய் சொன்னேன். டிரியன் வெறியோடு மாடியேறி அப்பா டைவினைக் கொல்வது அதனால். ஜேமியோடு உறவும் அங்கேயே முறிகிறது. ஐந்தாவது நாவல் முழுக்க அவன் தலைக்குள் ஓடுவது அந்தப் பெண் எங்கே போனாள் என்ற ஒரே கேள்வி.

நான்காம் சீசனின் கடைசி எபிசோடில் இந்த உரையாடல் இல்லை. அண்ணன் தம்பி கட்டிப்பிடித்துப் பிரிகிறார்கள். பிறகு ஏனோ டிரியன் அப்பாவின் அறைக்குப் போகிறான். ஒரு நிமிட வசனம் போயிற்று. அதன் பிறகு டிரியனின் கசப்பு முழுக்கப் போயிற்று. ஐந்தாம் சீசனுக்குப் பிறகு அவன் சாதுவான ஆலோசகர் ஆனதற்கு விதை அங்கே இருக்கிறது.

மார்ட்டினே இந்த விஷயத்தைப் பற்றி எழுதினார், வேறொரு தொடரை வைத்து. டெனேரிஸின் முன்னோர்களைப் பற்றிய ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ இரண்டாம் சீசனில் அரசி ஹெலேனாவின் கடைக்குட்டி மேலோர் இல்லை. மூலநூலில் கொலைகாரர்கள் இரண்டு மகன்களில் ஒருவனைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல, அவள் சின்னவனைச் சொல்ல, அவர்கள் மூத்தவனைக் கொல்கிறார்கள். சின்னவன் இல்லாவிட்டால் அந்தத் தேர்வும் இல்லை, அந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லை. ஒரு குழந்தையை நீக்கினால் பின்னால் என்னவெல்லாம் சரியும் என்று 2024 செப்டம்பரில் தன் வலைப்பதிவில் விளக்கினார். பிறகு அந்தப் பதிவு நீக்கப்பட்டது. ரசிகர்கள் இதைப் பட்டாம்பூச்சி விளைவு என்கிறார்கள்.

அந்தத் தொடரைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் மூலநூல் நாவலே அல்ல. 2018இல் வந்த, கற்பனை வரலாற்று நூல். ஒரு அறிஞர் மூன்று பழைய ஆவணங்களை வைத்து எழுதியதாக அமைப்பு. மூன்றும் ஒன்றையொன்று மறுக்கும். அவற்றில் ஒன்று மஷ்ரூம் என்ற அரண்மனைக் கோமாளியுடையது. அங்கே யாருடைய தலைக்குள்ளும் நாம் இல்லை. எனவே பிரச்சினை திரும்பிவிடுகிறது: தொடர்தான் முகத்தையும் மனதையும் கொடுக்க வேண்டும். பேடி கான்சிடைன் நடித்த மன்னர் விசெரிஸ் தான் எழுதியதைவிடச் சிறந்தவர் என்று மார்ட்டினே பாராட்டினார்.

சேர்த்துப் படிக்கும் முறை

ஓர் அத்தியாயத்தைப் படித்துவிட்டு அதற்குரிய காட்சியைப் போட்டுப் பாருங்கள். அத்தியாயத் தலைப்பில் யார் பெயர் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் நினைத்தது, ஆனால் பேசாதது எது? அது காட்சியில் வசனமாகியதா, முகபாவமாகியதா, புதுக் காட்சியாகியதா, இல்லை மறைந்தேவிட்டதா? மறைந்துவிட்டது என்றால் பெரும்பாலும் அடுத்த சீசனில் அதன் விளைவைப் பார்ப்பீர்கள். தொடங்குவதற்கு ஏற்றது நெட்டின் மரணம். நாவலில் அது கூட்டத்தில் நிற்கும் ஆர்யாவின் அத்தியாயம். நைட்ஸ் வாட்ச்சைச் சேர்ந்த யோரன் அவளைப் பிடித்து முகத்தை மறைத்துவிடுவதால் வாள் விழுவதை அவளும் பார்க்கவில்லை, நாமும் பார்க்கவில்லை.

புத்தகத்தின் பின்னால் குடும்பப் பட்டியல் இருக்கும். பெயர் மறந்தால் அது உதவும். கையிலுள்ள புத்தகத்தின் பட்டியலை மட்டும் பாருங்கள். அடுத்த புத்தகத்தின் பட்டியல் யார் செத்தார், யார் அரசர் என்பதை முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிடும். நான்காவது நாவலில் ஜான், டிரியன், டெனேரிஸ் மூவருக்கும் அத்தியாயம் இல்லை என்று பதறாதீர்கள். கதை நீண்டுபோனதால் மார்ட்டின் இடவாரியாகப் பிரித்தார். அதே காலத்தில் அவர்களுக்கு நடந்தது ஐந்தாவதில் வரும். இரண்டையும் கலந்து படிக்க ரசிகர்கள் வரிசைகள் தயாரித்திருக்கிறார்கள். இரண்டாம் வாசிப்புக்கு அவை நல்லவை, முதல் வாசிப்புக்கு வேண்டாம்.

பேசும்போது எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள்: “மூன்றாவது நாவல் வரை”, “நான்காம் சீசன் வரை”. “பாதி வரை பார்த்திருக்கிறேன்” என்றால் யாருக்கும் எதுவும் விளங்காது. புத்தகம் படிக்காமல் தொடரை மட்டும் பார்த்தவர்களை ரசிகர்கள் ‘அன்சல்லீடு’ என்பார்கள், கதையில் வரும் அடிமைப் படையின் பெயரை வைத்து; களங்கப்படாதவர்கள் என்று பொருள். அது வசை அல்ல. அவர்களுக்கு முன்னால் நாக்கைக் கட்டுப்படுத்துவது படித்தவர்களின் பொறுப்பு. “கவனித்துக்கொண்டே இரு, பின்னால் தெரியும்” என்று சொல்வதும் கதையை உடைப்பதுதான்.

இத்தனையும் தெரிந்துகொண்ட பிறகு, ரசிகர்கள் இன்னும் ஆறாமல் பேசும் விஷயத்துக்கு வரலாம்: டெனேரிஸ். எட்டாம் சீசனை மறுபடி எடுக்கச் சொல்லி 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இணையத்தில் கையெழுத்திட்டார்கள். அதில் பெரிய மனத்தாங்கல், சரணடைந்த நகரத்தை அவள் எரித்தது. மார்ட்டின் முக்கியமான முடிவுகளை முன்பே சொல்லியிருந்தார் என்பதால் நாவலிலும் கதை இப்படிப் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். என்ன நடந்தது என்பதைவிட, எங்கிருந்து பார்த்தோம் என்பதே இங்கே பெரிய விஷயம்.

ஐந்தாவது நாவலில் டெனேரிஸின் கடைசி அத்தியாயத்தை எடுங்கள். டிராகன் தூக்கிக்கொண்டு போய்விட்ட புல்வெளியில் தனியாக நடக்கிறாள். பசி, காய்ச்சல், பிரமை. தன் டிராகன் கொன்ற சிறுமியின் பெயரை நினைவுபடுத்திப் பார்க்கிறாள், வரவில்லை. அந்தப் பெயருக்காகத்தான் முன்பு டிராகன்களையே சங்கிலியில் கட்டியவள். டிராகன்கள் மரம் நடுவதில்லை என்று நினைத்துக்கொள்கிறாள். ஆடும் புல்லைப் பார்த்துத் தன் குலத்தின் சொற்களைச் சொல்கிறாள்: நெருப்பும் இரத்தமும். இத்தனையும் உள்ளேயிருந்து, அவள் குரலில், அவளுக்கு நியாயமாகவே படுகிறது. படிக்கும் நமக்கும் கிட்டத்தட்ட அப்படியே படும்.

படித்த கையோடு எட்டாம் சீசனின் ஐந்தாவது எபிசோடைப் போட்டு, நகரம் சரணடைந்ததற்கு அடையாளமாக மணி அடிக்கத் தொடங்கும் இடத்துக்கு ஓட்டுங்கள். டிராகன் மேல் டெனேரிஸாக நடிக்கும் எமிலியா கிளார்க். மூச்சு வாங்குகிறது, தூரத்தில் அரண்மனை, முகம் கோணுகிறது. அவள் என்ன நினைத்தாள் என்று சொல்ல அந்த உயரத்தில் பக்கத்தில் யாருமில்லை, எந்த வசனமும் இல்லை. டிராகன் எழும்புகிறது. அதற்குப் பிறகு அந்த எபிசோட் முடியும் வரை அவள் முகத்தை நமக்குக் காட்டவில்லை.